தீபாவளி யார் வீட்டில்?

தீபாவளி முடிந்த வாரங்களிலும், ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும், பொங்கல் விடுமுறைக்குப் போனவர்கள் ஊர் திரும்பியதும் குடும்ப நல நீதிமன்ற வராண்டாவில் புதுமுகங்கள் தெரியும். தென் மாவட்டம் ஒன்றில் அந்த நீதிமன்றத்தின் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இங்கே நான் சொல்லும் குடும்பங்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். நடந்தவை நடந்தவைதான்.

வீட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் விரிசல் பண்டிகையன்றுதான் நாலு பேர் கண்ணில் படும். மற்ற நாட்களில் யார் யாருக்கு என்ன செய்தார்கள், யாரை முதலில் கூப்பிட்டார்கள், எந்த வீட்டுக்கு முதலில் போனார்கள் என்று யாரும் குறித்து வைப்பதில்லை. தலை தீபாவளி என்றால் எல்லாம் கணக்கில் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் செய்முறை என்பார்கள். ஆடிக்கு அழைத்துச் சீர் கொடுத்தார்களா, பொங்கல் படி வந்ததா, வந்த பித்தளைப் பானை என்ன கனம் என்பதெல்லாம் ஒரு பெண் புகுந்த வீட்டில் எவ்வளவு நிமிர்ந்து நடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை நான் வெறுக்கிறேன். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை என்பதை மறந்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

இந்த நீதிமன்றங்கள் 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தால் வந்தவை. அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, வழக்கை விசாரிப்பதற்கு முன்பு சமரசத்துக்கு முயல்வதை நீதிபதியின் கடமையாக்குகிறது. 13-ஆவது பிரிவின்படி வக்கீல் வைத்துக்கொள்வது இங்கே உரிமை ஆகாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் இரண்டு பக்கமும் வக்கீல் இருப்பார். எங்கள் நீதிமன்றத்தில் என் அறைக்குள் மட்டும் அவர்கள் வருவதில்லை. ஒரு மேசை, நாற்காலிகள், தண்ணீர், சுவரில் ஒரு மாதக் காலண்டர். இங்கே பேசுவது சாட்சியமாகாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் ஆலோசகரின் அறிக்கையைப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு தலை தீபாவளி வழக்கு. மாப்பிள்ளை லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். மாமனார் மோதிரம் போட்டார். கூட வந்திருந்த மாப்பிள்ளையின் சித்தி அதை விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். பெண் சமையலறைக்குப் போய் அழுதாள். மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. ஆறேழு வாரத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு ஜீவனாம்சம் கேட்டாள். அவர் சேர்ந்து வாழ மனுப் போட்டார். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல், மிகக் கடுமையான காரணம் இருந்தாலொழிய, விவாகரத்து கேட்க முடியாது. அதனால் முதல் வருஷத்துச் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் வந்து சேரும். ‘சேர்ந்து வாழ மனு’ என்று தலைப்பில் இருந்தாலும் அது பல நேரம் ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் எழுதிய பதில்தான். உண்மையிலேயே சேர்ந்து வாழ விரும்பி வந்தவர் யார் என்று கண்டுபிடிப்பது என் வேலை.

தனித்தனியாகக் கேட்டேன். அவர் சொன்னார்: “எனக்கு மோதிரம் போடுற பழக்கமே இல்ல மேடம். லேத்துல நிக்கும்போது மோதிரம் இருந்தா விரலே போயிரும்.”

“அதை அன்னைக்கே சபையில சொல்லியிருக்கலாமேப்பா?”

“சித்தி மனசு சங்கடப்படும்ல.”

அவளிடம் கேட்டேன். “மோதிரம் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். எங்கப்பா வட்டிக்கு வாங்கிப் போட்டது. அவரு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ‘சும்மா இருங்க சித்தி’ன்னு சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்.”

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்டு வாங்குவதைத் தண்டிக்கிறது. வாய்விட்டுக் கேட்காமல், முகத்தைச் சுளித்தே கேட்பதை எந்தச் சட்டத்தால் பிடிக்க முடியும்? அந்த மௌனம்தான் வீடுகளைப் பிளக்கிறது. பேச வேண்டிய இடத்தில் கணவன் பேசாமல் இருந்ததைப் பெண்கள் மறப்பதே இல்லை. யார் திட்டினார்கள் என்பதைப் பாதி மறந்திருப்பார்கள். அப்போது அவர் எங்கே நின்றார், எந்தப் பக்கம் பார்த்தார் என்பது அப்படியே நினைவில் இருக்கும்.

அந்த இருவரும் மனுக்களைத் திரும்பப் பெற்றார்கள். சித்தியிடம் தானே போய்ப் பேசுவதாக அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த பொங்கல் படிக்கு அரிசி, கரும்பு, மஞ்சள் குலை தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று மாமனாரிடம் சொல்ல வேண்டியதும் அவரே. பெண்ணின் வாயால் அதைச் சொல்லவைத்தால், ‘மாமனாரைச் செய்யவிடாமல் தடுத்தது மருமகள்’ என்று அடுத்த குற்றச்சாட்டு பிறக்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் பெரிய சொற்களோடுதான் வருவார்கள். “எப்பவுமே அவருக்கு அவங்க அம்மாதான்.” “ஒருநாள்கூட எங்க வீட்டை மதிச்சதில்ல.” இவற்றை மறுக்கவும் கூடாது, ஆமோதிக்கவும் கூடாது. நான் கேட்பது ஒரே கேள்வி: “கடைசியா எப்ப நடந்துச்சு?” தேதி தெரியாவிட்டால் காலண்டரைக் காட்டுவேன். “ஆடிப் பெருக்குக்கு முந்தியா, பிந்தியா?” என்று தொடங்கினால் நிகழ்ச்சி ஒன்று வெளியே வரும். நிகழ்ச்சி வந்துவிட்டால் அதில் யார் என்ன செய்திருக்கலாம் என்று பேச இடம் கிடைக்கும். “மதிக்கணும்” என்பதை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது. “எங்கம்மா போன் பண்ணா எடுக்கணும், எடுக்க முடியலைன்னா ராத்திரிக்குள்ள திருப்பிக் கூப்பிடணும்” என்றால் அதை எழுதிக் கையெழுத்து வாங்க முடியும்.

வெளியே பெஞ்சில் அம்மாக்கள் இருப்பார்கள். உள்ளே மகன் சம்மதிக்கப் போகிற நேரத்தில் அவன் செல்போன் அதிரும். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வது என் அறையின் சட்டம். ஆனால் அந்த அம்மாவை வில்லியாக்கிவிட்டு நான் நகர்ந்ததில்லை. அவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பேன். ஒரே மகன், வேறு வருமானம் இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மருமகள் வீட்டிலேயே தீபாவளி என்றால் அன்று இந்த வீட்டில் யார் இருப்பது? விடிகாலையில் எண்ணெய் வைத்துவிட ஒரு தலை இல்லாத வீட்டை நினைத்துத்தான் அந்த அம்மா சண்டை போடுகிறார். அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டதும் அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்களோடு பேசுவது எளிது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடி வாங்குகிற பெண்ணை இந்த மேசைக்கு எதிரே அடிக்கிறவனோடு சேர்த்து உட்காரவைக்கக் கூடாது. “கொஞ்சம் பொறுத்துப் போம்மா, பிள்ளை முகத்தைப் பாரு” என்று அனுப்பிவைத்த பெரியவர்களை நான் அறிவேன். அப்படி அனுப்பப்பட்ட சில பெண்களின் கதை பிறகு என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஆலோசனைக்கென்று ஒரு விதி இருக்கிறது. வன்முறைக்கு நியாயம் கற்பிக்க ஆணை அனுமதிக்கக் கூடாது என்கிறது அது. “எதிர்த்துப் பேசுனா, அதான் கை நீட்டுனேன்” என்ற வாக்கியத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த விதியை ஒவ்வொரு ஊர்ப் பெரியவருக்கும் படித்துக் காட்ட எனக்கு ஆசை. அப்படிப்பட்ட வழக்குகளில் நான் பேசுவது பாதுகாப்பு உத்தரவு, தங்க இடம், 181 என்ற உதவி எண், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது என்பவைதான். சமரசம் என்ற சொல்லே வராது.

மற்றவர்களில் பலர் சில வாய்தாக்களுக்குப் பிறகு, “மியூச்சுவல்ல போயிரலாம் மேடம்” என்பார்கள். பரஸ்பர சம்மதத்தில் பிரிவதற்கான 13-பி பிரிவு இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல்தான் சேர்ந்தது. ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனுப் போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேரவே வழியில்லை, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் முடிவாகிவிட்டன என்றால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காத்திருப்பதால் மனம் மாறியவர்கள் உண்டு. காத்திருந்த காலத்தில் வந்த பண்டிகையில் புதிதாகக் காயப்பட்டவர்களும் உண்டு. என் எண்ணம், முடிவாகிவிட்டவர்களை இழுக்காமல் விட்டுவிடுவதே கருணை.

பணம் பற்றிய பேச்சு வெளியே நினைப்பதைவிடச் சீக்கிரம் முடியும். 2020-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதால் சம்பளச் சீட்டை ஒளிப்பது குறைந்தது. கஷ்டமானது சீர்ச் சாமான் திரும்பக் கொடுக்கும் நாள்.

பட்டியல் போடுவோம். நகை, கட்டில், பீரோ, கிரைண்டர். நகையில் கைவைக்கும்வரை கூடப் பேச்சு சாதாரணமாகப் போகும். பாத்திரம் வரும்போது மாறும். எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். அண்டாவில் பெண்ணின் பெயர், சில குடும்பங்களில் அப்பாவின் பெயர், கல்யாணத் தேதி. ஒரு பெண், “அந்தக் குத்துவிளக்கு மட்டும் அங்கேயே இருக்கட்டும்” என்றாள். அவள் அப்பா உடனே, “அதுல என் பேரு வெட்டியிருக்கும்மா. என் பேரு அந்த வீட்டுல எதுக்கு?” என்றார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் வெளியே போனார். விவாகரத்து என்ற சொல்லைத் தாங்கிக்கொண்ட குடும்பம் ஒரு விளக்கில் உடையும். அதனால் பட்டியல் நாளில் நான் வேறு வழக்கு எடுப்பதில்லை. பாத்திரத்தைக் கொண்டுவந்து நீதிமன்ற வாசலில் இறக்குவதையும் விரும்புவதில்லை. ஊரே பார்க்க ஆட்டோவில் போகும் சீர், வந்தபோது இருந்த பெருமையைவிடப் பெரிய அவமானத்தோடு திரும்பும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர் வீட்டில் வைத்து, ஆளுக்கு இரண்டு பேர் மட்டும் போய் வாங்கிக்கொள்வது என்று எழுதிவிடுவேன்.

குழந்தை இல்லாத தம்பதி அதோடு விலகிவிடலாம். குழந்தை இருந்தால் பண்டிகைகள் முடிவதில்லை. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்: ஒப்பந்தத்தில் வாரம் எழுதுகிறார்கள், பண்டிகை எழுதுவதில்லை. “முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை தகப்பனார் பார்க்கலாம். பண்டிகை நாட்களில் பாதி நேரம்.” இப்படி ஒரு வரியோடு அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் அடுத்த ஐப்பசியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ளும் அப்பாவுக்கு என்ன மிஞ்சும்? விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மஞ்சள் வைத்த புதுத்துணி உடுத்தி, முதல் வெடியும் வெடித்தாயிற்று. குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும். அவர் வாங்கி வைத்த சட்டை இரண்டாவது சட்டை ஆகிவிடும். தீபாவளி என்று தேதியைப் போட்டால் போதாது, குழந்தை எந்த வீட்டில் கண் விழிக்கிறது என்று போட வேண்டும். ஆகவே முந்தைய நாள் மாலை 6 மணியிலிருந்து தீபாவளி மதியம்வரை ஒரு வீடு, அதன் பிறகு மறுநாள் மாலைவரை மற்ற வீடு. ஒற்றைப்படை ஆண்டில் அம்மா வீட்டில் விடியும், இரட்டைப்படை ஆண்டில் அப்பா வீட்டில். பொங்கல் சுலபம். தைப் பொங்கலை ஒருவருக்கும் மாட்டுப் பொங்கல், காணும் பொங்கலை மற்றவருக்கும் கொடுத்து வருஷாவருஷம் மாற்றலாம். கிறிஸ்தவக் குடும்பமென்றால் 24-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனைக்குக் குழந்தை யாரோடு போகிறது என்று கேட்க வேண்டும், 25-ஐ மட்டும் கேட்டால் பாதி கேட்டதாகத்தான் ஆகும். ரம்ஜானுக்குத் தேதியே எழுத முடியாது. தலைமைக் காஜி பிறை அறிவித்த இரவு என்று எழுதி, அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போக யார் வருவது என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்பா திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பார். தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று யாரால் சொல்ல முடியும்? மாலை 6 என்று எழுதிவிட்டு அவர் 9 மணிக்கு வந்தால், “ஆர்டரை மீறிட்டார்” என்று மனு வரும். ரயில் முன்பதிவு திறக்குமுன் இருவரும் நாளை உறுதிசெய்துகொள்ள வேண்டும், தாமதமானால் ஒரு குறுஞ்செய்தி போதும் என்றும் எழுதுவேன். கோடை விடுமுறை, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கும் இப்படித்தான். இவ்வளவு பொடி விஷயங்களா என்று வக்கீல்கள் அலுத்துக்கொள்வார்கள். காவல் நிலையத்துக்குப் போகும் சண்டைகள் இந்தப் பொடி விஷயங்களில்தான் பிறக்கின்றன.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் சட்டம். அதற்கு மேல் குழந்தையின் நலன்தான் அளவுகோல். பெற்றோர் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டத்தில் கொண்டுவரச் சொல்லி இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் 257-ஆவது அறிக்கை தந்தது. அது சட்டமாகும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இருவரும் சம்மதித்து எழுதினால் நீதிபதிகள் மகிழ்ச்சியோடு அதை உத்தரவில் சேர்ப்பார்கள்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பின்னால் கல்யாணம். இவற்றையும் கேட்பேன். தாய்மாமன் மடியில் உட்காரும் நாளில் அப்பா எங்கே நிற்பார்? அழைப்பிதழில் அவர் பெயர் வருமா? ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் இப்போதே எதற்கு என்று சிலர் கோபப்படுவார்கள். பெயர் போடப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் முகம் தளர்ந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து தன்னை அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் சண்டை போட்டிருப்பார்கள்.

பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில் பேச்சு வேண்டாம் என்பது நான் கேட்டுக்கொள்வது. ஜீவனாம்ச பாக்கி, வக்கீல் நோட்டீஸ் எதையும் அங்கே எடுக்கக் கூடாது. திரும்பி வந்த பிள்ளையிடம், “அங்க என்ன சாப்பிட்ட? யார் வந்தாங்க? என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று கேட்கக் கூடாது. கேட்கப்படும் பிள்ளைகள் சீக்கிரமே பொய் சொல்லக் கற்றுக்கொள்வார்கள். அம்மாவிடம் அப்பா வீடு போரடித்தது என்பார்கள், அப்பாவிடம் அம்மா திட்டினாள் என்பார்கள். இரண்டு பேரையும் சந்தோஷப்படுத்த அந்தப் பிஞ்சு படும் பாடு அது. பிறகு அந்த வாக்கியங்களே மனுவில் ஆதாரமாக வந்து நிற்கும்.

குழந்தை மற்ற வீட்டில் இருக்கும் முதல் பண்டிகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு என்ன செய்வது என்று நான் கேட்டுவிடுவேன். பெண்களுக்கு அக்கம்பக்கத்தின் கேள்விகள் பயம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அனுதாபம் பயம். ஆண்களுக்கு வேறு மாதிரி. தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவர், “தீபாவளிக்கு மெஸ் லீவு மேடம், டீக்கடையும் பூட்டிட்டான். ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் படுத்துட்டேன்” என்றார். பசியிலும் தனிமையிலும் குடித்துவிட்டு அன்றிரவே அவளுக்குப் போன் செய்து திட்டியவர்கள் எத்தனை பேர்! அந்த ஒரு போன் பல மாதப் பேச்சுவார்த்தையைக் கலைத்துவிடும். அதனால் அந்த நாளுக்குச் சாப்பாடு எங்கே, யாரோடு என்று முந்தைய வாரமே முடிவுசெய்யச் சொல்வேன். பண்டிகையன்று வேலைக்குப் போக வாய்ப்பிருந்தால் போகலாம். நர்ஸாக வேலை பார்த்த ஒரு பெண் ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டும் தீபாவளி ஷிப்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். குழந்தையின் பங்கு முறுக்கை மறுநாள் சுடுவார். எண்ணெய்க் குளியலும் மறுநாள் மாலையில் ஒருமுறை நடக்கும்.

இந்த அட்டவணைகளும் நிரந்தரமில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகளுக்கு இரண்டு வீடும் வேண்டாம், தெருவில் சேக்காளிகளோடு வெடி போட்டால் போதும் என்று ஆகிவிடும். அதை அப்பா, “அம்மா தூண்டிவிட்டாள்” என்று எடுத்துக்கொள்வார். அம்மாவும் அப்படியே. ஆகவே நான் எழுதிக் கொடுத்த ஒப்பந்தங்களில் பிற்பாடு ஒரு வரியைச் சேர்க்கத் தொடங்கினேன்: பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போகும் வருஷம், ஜூன் மாதம், இருவரும் அதோடு உட்கார்ந்து, வரப்போகும் தீபாவளிக்கு அது எங்கே இருக்க விரும்புகிறது என்று கேட்டு, அட்டவணையைத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்கு வரத் தேவையில்லை. மூவரும் கையெழுத்துப் போட்டால் போதும்.